தினமும் கொஞ்சம் அமாவாசை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிகளுக்கு, எஸ்தர் எழுதுவது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நேற்று அரிசியைக் களைந்தோமா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடியும் களைந்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே பயிற்சியை நடத்துகிற பெரிய டாக்டரம்மாதான், “நாலு பேர் முன்னாடி பேசச் சொன்னா நீ பின்வாசல் வழியா ஓடிடுவே. எழுதியாவது குடு எஸ்தர்” என்றார். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

நம்முடைய மருத்துவக் கல்லூரிக்கு வருஷா வருஷம் சின்ன வயது டாக்டர்களும், டாக்டருக்குப் படிக்காமல் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளும் ஆராய்ச்சி கற்றுக்கொள்ள வருகிறார்கள். இரண்டு வருஷப் பயிற்சி. அவர்களைத் தெருத் தெருவாகக் கூட்டிப் போவதும், கதவைத் தட்டுவதும், வந்திருப்பது யார் என்று சொல்வதும், பையைத் தூக்குவதும் நம் வேலை. ரத்த அழுத்தம் பார்ப்பது, எடை பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தனியாகச் சொல்லித் தருவார்கள். அது இங்கே வேண்டாம்.

வீட்டுக்குள் போகும்போது ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். முன்பு ஒரு தம்பி பயிற்சிக்கு வந்திருந்தார். எல்லா வீட்டிலும் “ரெண்டே நிமிஷம்மா” என்று சொல்லி உட்காருவார். கேள்வி முடிவதற்குள் கன்றுக்குட்டி பசுவாகிவிடும். சின்னக் காஞ்சிபுரத்தில் ஓர் அம்மா, அவர் அடுத்த தடவை வந்தபோது அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். “ரெண்டு நிமிஷந்தானேப்பா? உலை கொதிக்கறதுக்குள்ள முடிச்சிடு” என்றார். உலை கொதித்துப் பாதி வற்றிப்போனது. அன்றிலிருந்து அந்தத் தம்பி, “ஒரு மணி நேரம் ஆகும், சம்மதமாம்மா?” என்று கேட்கக் கற்றுக்கொண்டார். ஆச்சரியம் என்னவென்றால், அப்படிக் கேட்ட பிறகு யாரும் மாட்டேன் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் சொல்ல வந்தது ஜெனிட்டாவின் கதையை.

ஜெனிட்டா தூத்துக்குடிப் பிள்ளை. டாக்டருக்குப் படித்து முடித்த கையோடு இங்கே பயிற்சிக்கு வந்தாள். குரல் பெரிசு, நடை வேகம். பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் அவள் பின்னால் நான் ஓட வேண்டியிருக்கும். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்து நெய்கிறவர்களுக்குச் சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது அல்லவா, அதைத்தான் அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டாள். குழிக்குள் சாய்வாக ஒரு பலகையைப் போட்டு, தறி மிதியை மிதிக்காத நேரத்தில் காலை அதன்மேல் வைத்துக்கொண்டால் வீக்கம் குறையுமா என்று பார்க்க வேண்டும். அவளே படம் வரைந்து, தச்சரிடம் உட்கார்ந்து செய்து வாங்கினாள். வழவழவென்று இழைத்து மெருகேற்றிய நல்ல பலகைகள்.

பலகை கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை எல்லார் காலையும் அளந்தோம். அது பெரும்பாடு. நெய்கிறவர்கள் தறியிலிருந்து ஏறுகிற நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். அவர்களோ பசியும் அலுப்புமாக இருப்பார்கள். கன்னியப்பன் அண்ணன் வீட்டில் மட்டும் சிரிப்பாக இருக்கும். அவர் தலைமுறை தலைமுறையாக நெய்கிற குடும்பம். ஜெனிட்டா அளவு நாடாவோடு குனியும்போதெல்லாம், “காலைத் தொடுற, இரும்மா, ஆசீர்வாதம் பண்ணிடறேன்” என்று தலையில் கை வைப்பார். அவர் மனைவி சரசு, “உங்க ஆசீர்வாதத்துல நம்ம பையனே பாஸ் ஆவல, அந்தப் பொண்ண விடுங்க” என்பாள்.

பிறகு பலகைகளைக் கொடுத்தோம். கொடுத்துச் சில நாட்கள் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. வெளியூரிலிருந்து பெரியவர்கள் வந்து பிள்ளைகளின் முதல் வருஷ வேலையைப் பார்ப்பார்கள், அவர்கள் சரி என்றால்தான் இரண்டாவது வருஷம். அவர்கள் வருகிற தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜெனிட்டாவுக்கு முகம் வாடிப்போனது. அவள் அப்பாவுக்கு ஆராய்ச்சி எல்லாம் பிடிக்காது. ஊருக்கு வந்து கிளினிக் வைத்து உட்காரு என்று தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே இரண்டாவது வருஷம் இல்லை என்று ஆகிவிட்டால் அவள் ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

“எல்லாரையும் ஒரே நாளுல எப்படிக்கா பிடிக்கது?” என்று கேட்டாள்.

இந்த ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். எங்கள் வீட்டில் தறி கிடையாது. அப்பா அம்மா திருப்புட்குழிப் பக்கம் வயல் வேலை செய்தவர்கள், நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவளும் அப்படித்தான். ஆள் கிடைக்கிற நாள் என்பது மட்டும்தான் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் பட்டது. அமாவாசையன்று சாயங்காலம் போனோம். என்ன சுகம்! குளித்து, படையல் போட்டு, வடை பாயசம் சாப்பிட்டு எல்லாரும் டிவி முன்னால் இருந்தார்கள். காலை நீட்டு என்றால் நீட்டினார்கள். வீட்டுக்கு வீடு வடை வேறு. பலகை எப்படி இருக்கிறது என்று ஜெனிட்டா கேட்டாள். “சூப்பரா இருக்குதும்மா” என்றார்கள்.

வீக்கம் குறைந்திருந்தது. ஒரு வீட்டில் இரண்டு வீட்டில் இல்லை, தெரு முழுக்கக் குறைந்திருந்தது. ஜெனிட்டா கடைசி வீட்டு வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தெரு பார்க்கிறதே.

இப்போது பெரிய டாக்டரம்மாவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சியில் என்ன கிடைத்தது என்பதைப் பெரியவர்கள் முன்னால் வைப்பதற்கு முன்பு, யாருடைய உடம்பை அளந்தோமோ அவர்களிடம் போய்த் தமிழில் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. இங்கே உண்டு. பிள்ளைகளுக்கு இதுதான் பயம். ஆங்கிலத்தில் ஒளிந்துகொள்ளலாம், தெருவில் ஒளிய முடியாது.

பெரியவர்கள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம், தறி நிற்கும் சாப்பாட்டு நேரத்தில், தெருவில் உள்ள பஜனைக் கூடத்தில் கூட்டம். நான் வாசல் பக்கம் பையோடு நின்றேன். பெரிய டாக்டரம்மா கடைசியில் பெண்களோடு பாயில் உட்கார்ந்திருந்தார். ஜெனிட்டா பேசினாள். பலகை கொடுப்பதற்கு முன்னால் கால் இப்படி இருந்தது, பலகை வந்த பிறகு இப்படிக் குறைந்தது என்று கைகளை விரித்துச் சுருக்கிக் காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

கன்னியப்பன் அண்ணன் எழுந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“ரொம்ப சந்தோஷம் டாக்டரம்மா. எங்க வீட்ல வர்ற வெள்ளிக்கிழமை பலகைய தறியில எறக்கறோம். நீ வந்து ஒங் கையால எறக்கி வெக்கணும். சரசு கேசரி செய்றேன்னு சொல்லிக்கினு இருக்கா.”

ஜெனிட்டா சிரித்தபடியே, “கண்டிப்பா வாரேண்ணே” என்றாள். அப்புறம்தான் அவள் காதில் விழுந்தது போலிருக்கிறது. சிரிப்பு அப்படியே நின்றது.

“அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமையா? அப்போ இதுவரைக்கும் பலகை எங்க இருக்கு?”

“சாமி ரூம்ல. மஞ்சக் குங்குமம் வெச்சு நிறுத்திக்கினு இருக்கோம். நீ குடுத்தது தேய்பிறையாச்சே. புதுசா ஒண்ண தறியில எறக்கணும்னா வளர்பிறை பாக்கணும்ல?”

“அளக்க வந்தப்ப நல்லா இருக்குன்னு சொன்னீங்களே!”

“நல்லாத்தானேம்மா இருக்குது? தேக்கு மாதிரி பளபளன்னு இருக்குது” என்றாள் சரசு. கூடம் முழுக்கத் தலையாட்டியது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஜெனிட்டா கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு, “பலகைய எறக்காத வீட்டுக்காரங்க எல்லாரும் கை தூக்குங்க” என்றாள். பாதிப் பேருக்கு மேல் தூக்கினார்கள். “கொடுத்த அன்னைக்கே எறக்குனவங்க?” மற்றவர்கள் தூக்கினார்கள். அவள் தன் தாள்களைப் புரட்டி அந்தந்தப் பெயரைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, வாய்க்குள்ளேயே பேசிக்கொள்ள ஆரம்பித்தாள். வாசலில் இருந்த எனக்குக் கேட்டது.

“எறக்குன வீட்லயும் குறைஞ்சிருக்கு. எறக்காத வீட்லயும் அதே அளவு குறைஞ்சிருக்கு. அப்போ பலகையில்ல. வேற என்ன? எல்லாருக்கும் ஒண்ணா இருந்தது என்ன?” நிமிர்ந்தாள். “நாள். நம்ம அளந்த நாள். அன்னைக்கு யாருமே தறியில உக்காரல.”

சொல்லிவிட்டு வாசலுக்கு என்னிடம் வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “எஸ்தரக்கா, நாளைக்கு அவங்க வந்துருவாங்க. எல்லாம் எழுதி டைப் அடிச்சு வச்சாச்சு. இந்தத் தெருவத் தவிர யாருக்கும் தெரியாது. என்ன செய்யட்டும்?”

 என் கையில் இருந்த நாடாப் பையை அவளிடம் நீட்டினேன்.

இதைப் பிறகு கல்லூரியில் பெரிய விஷயமாகச் சொல்லிக்கொண்டார்கள். ‘எஸ்தர் ஒரு வார்த்தை பேசாமல் பையை நீட்டினார், மறுபடி அளந்து வா என்று சொல்லிவிட்டார்’ என்று பயிற்சிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கதை நடக்கிறது. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். தங்கச்சிகளே, எனக்குப் புடவைத் தலைப்பு சரிந்துவிட்டது. பையைப் பிடித்துக்கொள் என்றுதான் நீட்டினேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை காலம் பேசாமல் இருந்துவிட்டேன்.

எது எப்படியோ, அவள் பையை வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். திரும்பிக் கூடத்துக்குள் போனாள். கடைசியில் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் சரசு கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். நன்றாக உட்கார்ந்து குடித்தார், எழுந்து போகிறவர் மாதிரி இல்லை.

“நான் இப்பச் சொன்னது தப்பு” என்றாள் ஜெனிட்டா, அதே பெரிய குரலில். “உங்க கால் குறைஞ்சது பலகையால இல்ல. நீங்க அன்னைக்கு ஓய்வா இருந்ததால. கை தட்டினத வாபஸ் வாங்கிக்கோங்க. இன்னைக்குச் சாயங்காலம் தறியிலருந்து ஏறும்போது மறுபடியும் அளக்க விடுவீங்களா?”

யாரோ ஒருவர் உண்மையாகவே கையைத் திருப்பிப் புறங்கையால் தட்டிக் காட்டினார். சிரிப்பு வெடித்தது. “வாம்மா வா, கால் எங்க போவுது, இங்கதான் இருக்கும்” என்றார் கன்னியப்பன் அண்ணன்.

அன்று சாயங்காலத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அவளோடு பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் எல்லாரும், தங்கள் வேலையை விட்டுவிட்டு, ஆளுக்கொரு நாடாவோடு வந்து இறங்கினார்கள். நான் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு வீட்டில் விட்டுவிட்டு அடுத்த சந்துக்கு ஓடினேன். ஒரு பிள்ளை வீடு மாறிப்போய், தறியே இல்லாத தபால்காரரின் காலை அளந்துகொண்டு வந்தான். தபால்காரரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் நீட்டியிருக்கிறார்.

கன்னியப்பன் அண்ணன் அன்று புடவைக் கரையையும் உடலையும் சேர்த்து நெய்கிற கோர்வை வேலையில் இருந்தார். பக்கத்தில் சரசு கரை நூல் ஓட்டுகிற தறி நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் கை விட முடியாது. “கையக் கேக்காத, காலை மட்டும் எடுத்துக்கோ” என்றார். ஜெனிட்டா தறிக்குழிக்குள்ளேயே இறங்கிவிட்டாள். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. “அண்ணே, இது உங்க காலா, அக்கா காலா?”

“கொலுசு இருந்தா என்னுது” என்றாள் சரசு.

அளந்துவிட்டு, தலையெல்லாம் ஒட்டடையும் பட்டு நூலுமாக மேலே வந்தாள். மற்றப் பிள்ளைகள் அதற்குள் கொண்டுவந்த அளவுகளையும் சேர்த்துப் பார்த்தோம். வீக்கம் பழையபடி இருந்தது. பலகை இறக்கிய வீடுகளில் சிலருக்குக் கொஞ்சம் குறைவு, சிலருக்கு ஒன்றும் இல்லை. ஜெனிட்டா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பலகைய நம்பி இருந்தேன் சரசக்கா. அமாவாசைல்லா ஜெயிச்சிருச்சு.”

“அப்ப அதையே குடேன்” என்றாள் சரசு, தறியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மாசத்துக்கு ஒரு நாள் முழுசா குடுக்கறத, தினமும் கொஞ்சம் கொஞ்சமா நறுக்கிக் குடு. எங்க வூட்டுக்காரருக்கு நெறயவே குடு. எழுந்து போயி கடைக்காவது போயிட்டு வரட்டும்.”

எல்லாரும் சிரித்தோம். ஜெனிட்டா சிரிக்கவில்லை. சரசுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

மறுநாள் பெரியவர்கள் வந்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. டீ கொடுக்கிற பெண்ணுக்கு உதவியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கதவோரம் நின்றேன். எல்லாம் ஆங்கிலம். எனக்கு ஒன்றும் புரியாது. ஜெனிட்டாவின் குரல் மட்டும் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. வந்தவர்களில் ஒருவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே ஏதோ கேட்டார்.  எந்த நாளில் அளந்தோம் என்பதைச் சொல்வாளா, மாட்டாளா, சொன்னாலும் எனக்கு எப்படித் தெரியும் என்று டம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஆங்கிலத்துக்கு நடுவில் ‘அமாவாசை’ என்று ஒரு சொல் விழுந்தது.

சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்காரப் பெண், “இன்னாக்கா, சுட்டுக்கினியா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நெற்றியைச் சுருக்கியவர் மறுபடி ஏதோ கேட்டார். உன் ஆராய்ச்சி தோற்றுவிட்டதா என்று கேட்டாராம், பிறகு ஜெனிட்டா சொன்னாள். பலகையைப் பற்றி எனக்கு இன்னும் பதில் தெரியாது, ஆனால் கேட்க மறந்த ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது என்று இவள் சொல்லி, சரசு சொன்னதையும் சொன்னாளாம். அப்போதுதான் உள்ளே சிரிப்புச் சத்தம் வந்தது. நெற்றி சுருங்கியவர்தான் முதலில் சிரித்தார். அது நான் என் கண்ணாலேயே பார்த்தது.

அவளுக்கு இரண்டாவது வருஷம் கிடைத்தது. செய்தி வந்த அன்று அப்பாவுக்குப் போன் போட்டு, “அப்பா, நான் ஒரு தப்பக் கண்டுபிடிச்சேன், அதுக்கு ஒரு வருஷம் குடுத்திருக்காங்க” என்று கத்தினாள். அவர் என்ன சொன்னாரோ, இவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கன்னியப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனோம். கற்பூரம் காட்டி, பலகையை ஜெனிட்டாவே குழியில் இறக்கி வைத்தாள். பாதிக் கேசரியை அவளே தின்றாள். இரண்டாவது வருஷம் முழுக்க, நெய்கிறவர்கள் நடுவில் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தாள். இந்தத் தடவை வேலை நாளில்தான் அளந்தோம், அதுவும் தறியிலிருந்து ஏறுகிற நேரத்தில். வீக்கம் குறைந்தது. அமாவாசையளவு இல்லை. கொஞ்சம்தான். தெருவில் போய்ச் சொன்னபோது அவளே, “கொஞ்சந்தான், நிறையக் கை தட்டாதீங்க” என்றாள்.

அந்த நடைக்குத் தெருவே ஒரு பெயர் வைத்துவிட்டது. நெய்துகொண்டிருக்கும்போது யாராவது வாசலில் நின்று, “அமாவாசை!” என்று குரல் கொடுத்தால், குழியிலிருந்து ஒவ்வொருவராக ஏறித் தெருவுக்கு வருவார்கள். கன்னியப்பன் அண்ணன் யாரும் கூப்பிடாமலே வந்து டீக்கடையில் நிற்பார். “இந்த மனுசனுக்கு ஒரு நாளைக்கு எத்தினி அமாவாசைதான் வரும்!” என்று சரசு உள்ளே இருந்து கத்துவாள்.

உங்களோடு வருகிற பிள்ளைகளும் ஒருநாள் கண் கலங்கி, என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்பார்கள். பெரிய புத்தி சொல்ல வேண்டும் என்று பயப்படாதீர்கள். எனக்கும் அன்று ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்றேன், சாயங்காலம் அவர்களோடு ஓடினேன், அவ்வளவுதான். வழியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். உங்கள் கையில் பை மட்டும் தயாராக இருக்கட்டும்.

அது மாசி அமாவாசையா, பங்குனியா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சரசு அன்று கொடுத்தது மோரா, பானகமா என்பதும் சந்தேகம். கோர்வை போடும்போது பக்கத்தில் இருந்தது சரசுதானா, அவள் நாத்தனாரா என்பதையும் யாராவது பிள்ளையார்பாளையம் போய் அவளிடமே கேட்டு, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். தெருவில் இன்னும் அப்படிக் குரல் கொடுக்கிறார்களா என்றும் பார்த்துவந்து எனக்குச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று, சரிபார்க்கப் போகிறவர்கள் அமாவாசையன்று மட்டும் போய்விடாதீர்கள்.